பத்தாண்டு அவகாசம் தரும் நோய்

(காரைக்குடியில் பொதுமக்களுக்காக ஒரு குடல் அறுவை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாலு பேர் நடுவில் பேசக் கூசும் உறுப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய், உலக அளவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் மூன்றாவது இடத்திலும், உயிரிழப்பில் இரண்டாவது இடத்திலும் நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் இறந்தார்கள். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இங்கே மலக்குடலில் வருவது அதிகம், இளம் வயதில் வருவது அதிகம், முற்றிய பிறகு மருத்துவரிடம் வருவது இவை எல்லாவற்றையும்விட அதிகம்.

இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை இளம் வயதிலேயே மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவரான அக்காள் உடனிருந்தும் காப்பாற்ற வழியில்லாத காலம் அது. அந்தத் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்கு அதுவே வித்தாக அமைந்தது. அன்று இல்லாத வழிகள் இன்று நம் கையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் நம் ஊர்களில் இந்த நோயால் சாகிறார்கள் என்றால், அதற்கான காரணத்தை மருத்துவத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

இந்த நோய் ஒரே நாளில் முளைப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவரில் முதலில் ஒரு சிறு சதை வளர்ச்சி தோன்றுகிறது. அதைப் பாலிப் என்கிறோம். எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. அடினோமா என்னும் வகையைச் சேர்ந்தவற்றில் சில, ஒன்றன்பின் ஒன்றாக மரபணுக்கள் பழுதடைந்து, பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவில் புற்றாக மாறுகின்றன. வேறெந்தக் கொடிய நோய் நமக்குப் பத்தாண்டு அவகாசம் தருகிறது? அந்த அவகாசத்துக்குள் பாலிப்பை எடுத்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வராமலே போகும். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும், வயிற்றைக் கிழிக்காமல், ஆசனவாய் வழியே செலுத்தும் குழாயைக் கொண்டே பாலிப்பை அறுத்தெடுக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அப்படி அடினோமாவை அகற்றிக்கொண்டவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு, எதிர்பார்த்த அளவைவிட 53 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது.

அந்த அவகாசத்தை நாம் எப்படி இழக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். மலத்தோடு ரத்தம் போனால் நம்மவர் முதலில் சொல்வது, "சூடு பிடித்திருக்கிறது, மூலமாக இருக்கும்" என்பதுதான். வெந்தயம், மோர், கருணைக்கிழங்கு என்று சில மாதங்கள் போகும். பிறகு பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இன்றி குணம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து அங்கே போவார்கள். வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமே காரணமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும்; பார்க்காமல் முடிவு கட்ட எவருக்கும் உரிமை இல்லை, மருத்துவருக்கும் இல்லை. கையுறை அணிந்து, விரலில் களிம்பு தடவி, ஆசனவாய்க்குள் விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை அந்த விரலுக்கே எட்டிவிடும். ரத்தம் போகிறது என்று வந்தவரை விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றி இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அப்படி நேர்ந்தால், "ஐயா, உள்ளே பார்த்துவிடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

வலப்பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி இன்னும் மோசமாக ஏமாற்றும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் துளித் துளியாகக் கசியும். ஆள் வெளுத்துப் போவார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அறுபது வயது ஆச்சி ஒருவருக்கு ரத்தச் சோகை என்றால் வீட்டில் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் வாங்கித் தருகிறார்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். அந்தத் தேடலில் இரைப்பையும் பெருங்குடலும் கட்டாயம் இடம்பெற வேண்டும். மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, போய்விட்டு வந்தும் போகாதது போன்ற உணர்வு, காரணமில்லாமல் உடல் இளைப்பது ஆகியவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளே.

இவையெல்லாம் அறிகுறி வந்த பிறகான பேச்சு. அறிகுறியே இல்லாத காலத்தில் செய்யும் பரிசோதனைதான் முழுப் பலன் தரும். அதில் எளியது ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனை. ஒரு சிறு குப்பி தருவார்கள். அதன் மூடியோடு ஒட்டிய குச்சியின் நுனியில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். மலத்தின் மேல் நாலைந்து இடங்களில் அந்த நுனியால் கீறி, குப்பிக்குள் செருகி, மூடிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டுமே அது தேடுவதால், முதல் நாள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டிருந்தாலும் முடிவு மாறாது. இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. அவ்வாறு வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை. ஆனால் அதன் பிறகு, ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். "இன்னொரு முறை ஃபிட் பார்ப்போம்" என்று மறுபடி செய்து, இரண்டாவது முறை இல்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடுவது ஆபத்தான தவறு.

கொலனோஸ்கோபி என்றால் பலருக்கு அச்சம். உண்மையில் சிரமம் முந்தைய நாளில்தான். ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரையையும், இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, விதையுள்ள பழங்கள் ஆகியவற்றையும் நிறுத்திவிட்டு, முந்தைய மாலையில் பேதி மருந்துப் பொடியைக் கலந்த தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்து, மலம் தெளிந்த நீராகப் போகும்வரை குடலைக் கழுவ வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறுநாள் லேசான மயக்க ஊசி போட்டு, முனையில் கேமரா பொருத்திய, விரல் பருமன் உள்ள குழாயைச் செலுத்துவோம். பாலிப் தென்பட்டால், குழாயின் உள்ளே ஓர் மெல்லிய கம்பிச் சுருக்கை அனுப்பி, அதன் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சூட்டால் அறுத்து வெளியே எடுத்துப் பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். குடலில் ஓட்டை விழும் அபாயம் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எல்லாம் சீராக இருந்தால் சாதாரண நிலையில் உள்ளவருக்கு அடுத்த பரிசோதனை பத்து ஆண்டு கழித்துத்தான்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு, "வயிற்றை ஸ்கேன் பண்ணியாயிற்று, சி.இ.ஏ. என்ற ரத்தச் சோதனையும் நார்மல்" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பாலிப்பைக் காட்டாது. சி.இ.ஏ. சோதனை, நோய் கண்டவருக்குச் சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கப் பயன்படுவது. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது உதவாது.

எந்த வயதில் தொடங்குவது? அமெரிக்காவில் 50 என்று இருந்ததை 2021இல் 45 ஆகக் குறைத்தார்கள். சிங்கப்பூரில் 50 வயதுக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் ஃபிட் செய்துகொள்ளும்படி அரசே அறிவுறுத்துகிறது. அங்கே இருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகளைக் கேட்டால் சொல்வார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுப் பரிசோதனை உண்டு, குடலுக்கு இல்லை. ஆகவே நாமே கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் கொலனோஸ்கோபி என்பது நம் நிலைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. 45, 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு ஃபிட் செய்யட்டும். குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் நேரே கொலனோஸ்கோபிக்கு வரட்டும்.

குடும்பம் என்று சொன்னேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும். இது கணக்கு எழுதிப் பழகிய சீமை. கொண்டுவிற்கப் போன இடத்தில் எழுதிய பேரேடும், கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தமும், மொய் நோட்டும் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஐயா எந்த நோயால் இறந்தார் என்று கேட்டால், "வயிற்று வலியால் போய்விட்டார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ, உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதிற்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். தந்தைக்கு 46இல் வந்தால் மகன் 36இல் வர வேண்டும். லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் இது இன்னும் இளம் வயதில் வரும். அதே குடும்பத்துப் பெண்களுக்குக் கருப்பையில் புற்று வருவதும் உண்டு. எனவே அத்தைக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்த செய்தியையும் குடல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நகரத்தார் இல்லங்களில் பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அப்படி வந்தவரிடம் "அப்பாவுக்கு என்ன நோய்" என்று கேட்டால், வந்த வீட்டு அப்பாவின் உடல்நிலையைத்தான் சொல்வார். அதுதான் மரியாதை என்று நினைப்பார். சொத்து வந்த வீட்டிலிருந்து வரும். மரபணு பிறந்த வீட்டிலிருந்துதான் வரும். மருத்துவரின் அறையில் மட்டும் பிறந்த வீட்டுச் செய்தியைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டார்க்கும் ஒரு வேண்டுகோள்: உங்களில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், பிள்ளை போன வீட்டுக்கும் தகவல் சொல்லி அனுப்புங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் அதைப் பற்றிய பேச்சு ஊரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடுகிறது. நம் உப்புக்கண்டமும் இந்த வகையில்தான் சேரும். எப்போதாவது ஒரு துண்டு கடித்ததற்காக யாரும் அஞ்ச வேண்டாம், தினசரி வழக்கமாக்காதீர்கள். தவிடு நீக்காத கவுனி அரிசியும், பயறும், காய்கறியும் நார்ச்சத்து தருபவை. மது, புகையிலை, தொப்பை, உட்கார்ந்தே இருப்பது ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் சைவம் மட்டுமே உண்பவருக்கும் இது வரும். உணவுக் கட்டுப்பாடு பரிசோதனைக்கு ஈடாகாது.

நோய் கண்டுவிட்டாலும் கலங்க வேண்டாம். குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பின் அது பத்தில் ஒன்று, இரண்டு என்று சரிகிறது. பெருங்குடல் கட்டிக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவையே. நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தால் பின்னர் கீமோதெரபி. மலக்குடலில் முற்றிய கட்டிக்குக் கதிர்வீச்சும் கீமோவும் முதலில் கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்கிறோம். வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தால் ஓடிப்போகிறவர்கள் உண்டு. பலருக்கு அந்தப் பை சில மாதங்களுக்கு மட்டுமே. நிரந்தரமாகத் தேவைப்படுகிறவர்களும் அதோடு வேலைக்குப் போகிறார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் அமர்கிறார்கள். கல்லீரலுக்குப் பரவியவர்களிலும் சிலரை, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் குணப்படுத்த முடிகிறது.

செலவை நினைத்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குடல் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய் அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். சிகிச்சை முடிந்தவர்கள் முதலாண்டு முடிவில் மறுபடி கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அதற்கு வரும்போது உடன்பிறந்தவர்களையும், வயது வந்த பிள்ளைகளையும் கையோடு அழைத்து வாருங்கள். அவர்களுக்கு எந்த வயதில் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதை அன்றே குறித்துத் தருகிறோம்.