756 ரூபாய் காபி பில்லில் வரி எவ்வளவு?

வணக்கம். இன்றைக்கு ஒரு நேயரின் கேள்வி. நண்பர்கள் நான்கு பேர் காபி ஷாப்புக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு கப்புசினோ, ஒரு ஃபில்டர் காபி, ஒரு கோல்டு காபி. 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 756 ரூபாய். வரி இல்லாமல் எவ்வளவு என்று பார்க்க, இவர் 756-இல் 5 சதவீதத்தைக் கழித்திருக்கிறார். 718 ரூபாய் 20 காசு வருகிறது. பில்லிலோ 720 என்று இருக்கிறது. "1 ரூபாய் 80 காசு எங்கே சார் போச்சு?" என்று கேட்கிறார். கூடவே இன்னொரு சந்தேகம். அடுத்த முறைக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். அதை வரி போடுவதற்கு முன்னால் கழிக்கச் சொன்னால்தான் நமக்கு லாபம் என்று நண்பர் சொல்கிறாராம்.

முதலில் பில்லை மேலிருந்து கீழாகப் போடுவோம். கப்புசினோ 180, இரண்டுக்கு 360. ஃபில்டர் காபி 120. கோல்டு காபி 240. கூட்டினால் 720. இதற்குக் கீழே வரிக்கென்று இரண்டு தொகைகள் இருக்கும்: சிஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் 18 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் 18 ரூபாய். ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநிலத்துக்கு. ஆக 36. மொத்தம் 756. கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்படியானால் நேயரின் கணக்கு எங்கே விலகியது? கடை 5 சதவீதம் போட்டது 720 மேல். இவர் 5 சதவீதம் எடுத்தது 756-இலிருந்து. அந்த 756-க்குள் ஏற்கெனவே 36 ரூபாய் வரி உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிக்கும் சேர்த்து 5 சதவீதம் கழித்துவிட்டார். 36-இல் 5 சதவீதம் எவ்வளவு? 1 ரூபாய் 80 காசு. காணாமல் போன காசு அதுதான்.

திரும்பிப் போக வேண்டுமென்றால் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். காபி 100 ரூபாய் என்றால் வரியோடு 105. அதனால் 756-ஐ 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 720 வந்துவிடும். கையில் பேப்பர் இல்லையென்றால் இன்னும் சுலபம். 105-இல் 5 என்பது 21-இல் 1. அதாவது மொத்தத் தொகையில் வரி 21-இல் ஒரு பங்கு. 756-ஐ 3-ஆல் வகுத்தால் 252, அதை 7-ஆல் வகுத்தால் 36. முடிந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த 21-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் கூட்டிய எந்தத் தொகைக்கும் இது செல்லும்.

ஆனால் 5 சதவீதத்துக்கு மட்டும்தான். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் காபி ஷாப்பில் 18 சதவீதம் போடுவார்கள். அங்கே இதே 720-க்கு 849 ரூபாய் 60 காசு. திரும்பி வர 118-ஆல் வகுக்க வேண்டும். அதை மனக்கணக்காகப் போட நான் தயாரில்லை, போனை எடுத்துவிடுவேன். தெருமுனை டீக்கடையில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு எடுக்காத கடை, வரி என்று தனியாக வாங்கவே கூடாது.

சரி, கூப்பனுக்கு வருவோம். முன்னால் கழித்தால்: 720-இல் 72 போக 648. அதற்கு வரி 32 ரூபாய் 40 காசு. மொத்தம் 680 ரூபாய் 40 காசு. பின்னால் கழித்தால்: 756-இல் 75 ரூபாய் 60 காசு போக, அதே 680 ரூபாய் 40 காசு! ஏன்? 10 சதவீதம் குறைப்பது 0.9-ஆல் பெருக்குவது, 5 சதவீதம் கூட்டுவது 1.05-ஆல் பெருக்குவது. பெருக்கலில் எதை முதலில் செய்தாலும் விடை மாறாது. அந்த 40 காசை ரவுண்ட் ஆஃப் என்று போட்டு 680 ஆக்கிவிடுவார்கள்.

நண்பர் சொல்வது வேறொரு இடத்தில் சரி. கூப்பன் சதவீதமாக இல்லாமல், "100 ரூபாய் தள்ளுபடி" என்று இருந்தால் முன், பின் வித்தியாசம் வரும். முன்னால் கழித்தால் 620, வரியோடு 651. பின்னால் கழித்தால் 656. 5 ரூபாய் வித்தியாசம், அந்த நூறு ரூபாய்க்கான வரி. பில் போடும்போதே கடை கொடுக்கும் தள்ளுபடியைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வரி போட வேண்டும். அதனால் இந்த 5 ரூபாயைக் கேட்டு வாங்கலாம்.

நான்கு பேரும் சமமாகப் பிரித்தார்களா என்று அவர் எழுதவில்லை. பிரித்திருந்தால் ஆளுக்கு 189. கப்புசினோ குடித்த இரண்டு பேருக்கும் அது சரியான தொகை, 180-ம் 9 ரூபாய் வரியும். ஃபில்டர் காபிக்காரர் மட்டும் 126-க்குப் பதில் 189 கொடுத்திருப்பார். அவருடைய 63 ரூபாய் கோல்டு காபிக்காரர் கணக்கில் இருக்கிறது. நண்பர்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்!

கடைசியாக, அவர் கேட்காத ஒன்று. சில பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 720 மேல் 72, ஆக 792. ஜிஎஸ்டியை இந்த 792 மேல் போடுவார்கள்: 39 ரூபாய் 60 காசு. மொத்தம் 831 ரூபாய் 60 காசு. பத்தும் ஐந்தும் பதினைந்து என்று நினைப்போம், ஆனால் கூடியிருப்பது பதினைந்தரை சதவீதம். இந்த சர்வீஸ் சார்ஜ் அரசு வரி இல்லை, கடை தானாகப் போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தால் மறுபடி 756-தான்.