பேச்சு வராத களிமண்

நேயர்களுக்கு வணக்கம். ஊமைப்படம் ஒன்றைப் பற்றி வானொலியில் பேச முடியுமா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அங்கே படம் உண்டு, சத்தம் கிடையாது. இங்கே சத்தம் உண்டு, படம் கிடையாது. சரி, ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டேன்.

படத்தின் பெயர் ‘கோலெம்’. 1920 அக்டோபரில் பெர்லினில் வெளியானது. கார்ல் போஸேயுடன் சேர்ந்து இயக்கிய பால் வெகெனர்தான் அதில் களிமண் மனிதனாகவும் நடித்தார். 1913இல் வேறொரு படத்துக்காக, இன்றைய செக் நாட்டிலுள்ள பிராக் நகரத்துக்குப் போனவர் காதில், மந்திரத்தால் உயிர் பெறும் களிமண் மனிதனான கோலெமின் யூதக் கதை விழுந்தது. அப்புறம் அது அவரை விடவில்லை. 1915இலும் 1917இலும் கோலெமை வைத்து இரண்டு படம் எடுத்தார். முதலாவதில் சில துண்டுகளே மிஞ்சின, இரண்டாவது காணாமலே போனது. மூன்றாவதுதான் நாம் பார்ப்பது.

கதை நடப்பது 16ஆம் நூற்றாண்டுப் பிராக்கில். யூதர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று பேரரசரிடமிருந்து ஆணை வருகிறது. அவர்களுடைய குரு ரபி லோவ், சனங்களைக் காக்க ஒரு களிமண் உருவம் பிசைகிறார். இந்த லோவ் நிஜ மனிதர். 1609இல் காலமானார், பிராக்கின் பழைய யூத இடுகாட்டில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. கோலெம் கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது மட்டும் வெகுகாலம் கழித்துத்தான்.

‘கோலெம்’ எபிரேயச் சொல். பைபிளில் 139ஆம் சங்கீதத்தில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது ‘கரு’ என்ற சொல். இன்னும் முழுமையாகாத ஒன்று. யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதில் ஒரு குட்டிக் கதை உண்டு. ரவா என்ற அறிஞர் ஒரு மனிதனைச் செய்து ரபி ஸெய்ராவிடம் அனுப்புகிறார். ஸெய்ரா பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார், பதிலே வரவில்லை. விஷயம் புரிந்துவிட, ‘மண்ணுக்கே திரும்பிப் போ’ என்று சொல்லிவிடுகிறார். மனிதன் கை கொண்டு எதையும் செய்துவிடலாம், பேச்சை மட்டும் செய்து கொடுக்க முடியாது என்பது அந்தக் கதையின் கணக்கு.

எல்லோருமே ஊமையாக இருக்கும் படத்தில் ஒருவன் மட்டும் ஊமை என்று எப்படிக் காட்டுவது? நான் முதலில் பார்த்தது ஒரு சிறிய திரையிடலில். பின்னணி இசை ஓடவில்லை. மின்விசிறிச் சத்தத்தில்தான் முழுப் படமும் போனது. அன்று எரிச்சலாக இருந்தது, இப்போது அதுதான் சரியான முறை என்று தோன்றுகிறது. மற்றவர்களின் வாய் ஓயாமல் அசைகிறது. வெகெனரின் வாய் அசைவதில்லை. ரபி உயிர் கொடுக்கும் மந்திரச் சொல்லை ஒரு தாளில் எழுதி, நட்சத்திர வடிவிலுள்ள மூடிக்குள் வைத்து, அதை மண் நெஞ்சில் பொருத்துகிறார். கண் திறக்கிறது. கண் மட்டும்தான். நேரே பார்க்கிறது. அரங்கில் யாரோ நாற்காலியைப் பின்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

அவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்த பூதத்துக்கு ரபி வீட்டில் என்ன வேலை தெரியுமா? விறகு பிளப்பது. அப்புறம் கூடையும் சீட்டும் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். திகில் படம் என்று உட்கார்ந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

தெருக்களைக் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பெல்ஸிக் வடிவமைத்தார். வரைந்த திரைச்சீலை கிடையாது. பெர்லினில் நிஜமாகவே ஒரு கோணல் ஊரைக் கட்டினார்கள். வீடுகளும் களிமண்ணைப் பிடித்து வைத்தது போலவே இருக்கும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் பின்னால் ஹாலிவுட்டுக்குப் போய் ‘டிராகுலா’வைப் படம்பிடித்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படம் யூதர்கள் மேல் இரங்குகிறது, கூடவே அவர்களைச் சூனியக்காரர்களாகவும் காட்டுகிறது. அரசனின் ஆணையில் இருக்கும் குற்றச்சாட்டுகளில் சூனியமும் ஒன்று! ரபியின் உதவியாளனாக நடித்த எர்ன்ஸ்ட் டாய்ச் பிராக்கில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஆணையைக் கொண்டுவரும் அரண்மனை வீரனாக நடித்த லோதர் மூதெல், 1943இல் வியன்னாவில் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தை யூத வெறுப்பு நாடகமாக மேடையேற்றினார். இது தெரிந்த பிறகு அந்த ஆணைக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியில் கோலெம் கட்டுமீறிப் போகிறான். வீடு எரிகிறது, ஓர் உயிர் போகிறது. பெரிய வாசல் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால், அங்கே வெயிலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். எல்லாம் ஓடிவிட, ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். அவளைத் தூக்கிக்கொள்கிறான். முகத்தில் முதல் தடவையாக ஏதோ நெகிழ்கிறது. அவளோ நெஞ்சில் பளபளப்பதைப் பார்த்து, பொம்மையில் பொத்தானைத் திருகுவது போல அந்த நட்சத்திரத்தைக் கழற்றிவிடுகிறாள். சாய்ந்துவிடுகிறான். ஓடிப்போன குழந்தைகள் மெல்லத் திரும்பி வந்து அவன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.