விசில் கையில் இருந்த காலம்

வணக்கம் நேயர்களே.

அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வு எழுத வேண்டும். கணக்கு விதிகள், கல்வித்துறை விதிகள், எந்தப் பதிவேட்டை எப்படிப் பராமரிப்பது என்பதெல்லாம் அதில் வரும். தேறிவிட்டுப் பணிமூப்புப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தால், ஒருநாள் கலந்தாய்வில் ஒரு பள்ளி கிடைக்கும், பீரோ சாவிக்கொத்து கைக்கு வரும். ஆனால் இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது, பார்த்ததை அவர் மனம் நோகாமலும் அவருக்கு உதவும்படியும் எப்படிச் சொல்வது என்பது எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் கைவந்தது என்றால், கோ-கோ மைதானத்தில் நின்ற புண்ணியம்.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. முதலில் வேலை பார்த்த பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தது. நான் படிக்கிற காலத்தில் கோ-கோ ஆடியவள் என்று யார் சொன்னார்களோ, பெண்கள் அணி என் தலையில் வந்து விழுந்தது.

கோ-கோவை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஓட்டப் பந்தயம் மாதிரி தெரியும். உண்மையில் விளையாட்டே உட்காருவதில்தான் இருக்கிறது. நடுக்கோட்டில் எட்டுப் பேர், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது பிள்ளை எதிரணியின் ரன்னரை, அதாவது பிடிபடாமல் ஓடுபவளை, விரட்டுவாள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்த திசையிலிருந்து திரும்பவும் கூடாது. எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமென்றால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளைப் பின்னாலிருந்து தொட்டு ‘கோ’ சொல்லிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார்ந்துவிட வேண்டும்.

புதிதாக ஆட வரும் பிள்ளைகள் ‘கோ’ கிடைத்ததும் முதலில் எழுந்து நிற்பார்கள், அப்புறம்தான் ஓடுவார்கள். அந்த இடைவெளியில் ரன்னர் போயே போய்விடுவாள். வரம்பில் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால், குதிகால் தரையில் பதிந்திருக்கும், உடம்பின் பாரம் முழுக்க பின்னால் இருக்கும். “குதிகாலைத் தூக்கு, கையை முன்னால் ஊன்று.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்ன கையோடு மறுபடி ‘கோ’ கொடுத்து எழுப்ப வேண்டும். இப்போது விருட்டென்று போவாள். போனதை அவளே உணர்வாள், நாம் கைதட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதை நான் சொன்னால் ஏதோ ஒரு டீச்சரின் அனுபவம். அமெரிக்காவின் ஜான் வுடன் பெயரைச் சொன்னால் கூடைப்பந்து உலகமே எழுந்து நிற்கும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர். 1964க்கும் 1975க்கும் இடையில் அவருடைய அணி 10 தேசியப் பட்டங்களை வென்றது. 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. நமக்குப் பலருக்கும் தெரியாத விஷயம், அவர் அடிப்படையில் பள்ளிக்கூட ஆங்கில வாத்தியார். 1932ல் கென்டக்கி மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார், பாடமும் நடத்தினார், அணியையும் பார்த்தார். முதல் வருடம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். பிறகு இண்டியானாவில் இன்னொரு பள்ளி, நடுவில் போர்க்காலக் கடற்படை, அதன் பிறகு ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பல்கலைக்கழக வேலைக்கு வந்தது 1948ல். அங்கே முதல் பட்டம் வாங்கப் பதினாறு வருடம் ஆனது. இன்றைக்கு நம் ஊரில் ஒரு பயிற்சியாளருக்கு அவ்வளவு அவகாசம் யார் கொடுப்பார்கள், சொல்லுங்கள்.

1974-75ல் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சி நேரங்களில் போய் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். சுமார் 75 சதவீதம், எதைச் செய், எப்படிச் செய் என்கிற வெறும் தகவல். வீர உரை எதுவும் இல்லை. ஒருவன் தப்பாகச் செய்தால், சரியான முறையைத் தானே செய்து காட்டுவார், அவன் செய்த மாதிரியும் செய்து காட்டுவார், திரும்பவும் சரியான முறையைக் காட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும். இதற்காகத் தினமும் காலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் சின்ன அட்டையில் எழுதிக்கொண்டு போவாராம். நம் பாடக்குறிப்பேடுதான்! என்ன ஒன்று, அவர் அதை ஆய்வு அலுவலருக்காக எழுதவில்லை.

தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றதும் எனக்கு முன் எழுதப்பட்ட வகுப்புப் பார்வைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ‘நன்று.’ ‘கற்பித்தல் சிறப்பு. மேலும் மேம்படுத்தலாம்.’ பக்கம் பக்கமாக இதேதான். எதை மேம்படுத்துவது? மைதானத்தில் “நல்லா ஆடு” என்று கத்துவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் நல்ல உழைப்பாளி. எட்டாம் வகுப்பில் அவர் பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வி கேட்பார், கேட்ட வேகத்தில் முன் பெஞ்சுப் பிள்ளை பதில் சொல்லும், “வெரி குட்”, அடுத்த கேள்வி. என் பக்கத்தில் இருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறக்கப் போனான், மூடிக்கொண்டான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாகக் கேள்வி கேட்டு ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பதில் நீளமாக வருகிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டவர் அவர். டீச்சரிடம் நான் இந்தப் பெயரையெல்லாம் சொல்லவில்லை. “கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள் டீச்சர், அதுவரை யாரையும் சொல்ல விடாதீர்கள்” என்றேன். மறுநாள் அதே வகுப்பில் என் கணக்குப் பாடத்தை அப்படி எடுத்தேன், அவர் வந்து பார்த்தார். அந்த வாரம் நாங்கள் இருவரும் வேறு எதையும் பேசவில்லை. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். பத்துக் குறையைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், பெரியவர்களும் சரி, பிள்ளைகளும் சரி, பத்தையும் மறந்துவிடுவார்கள்.

இருந்தாலும், பயிற்சியாளரால் முடியாதது சில தலைமை ஆசிரியரால் முடியும். பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு வரை சிட்டாக ஓடுவார்கள். எட்டு, ஒன்பது வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். “வயசுக்கு வந்த பிள்ளை, டவுசர் போட்டுக்கிட்டு எப்படி டீச்சர்?” என்பார் அம்மா. அது ஒரு காரணம், டிராக் பேன்ட் கொடுத்தால் தீர்ந்துவிடும். சொல்லாத காரணங்கள்தான் பெரியவை: பயிற்சி முடிந்து பஸ் பிடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது, நாலரை மணிக்கு மேல் கழிவறையைப் பூட்டிவிடுகிறார்கள். கணக்கு டீச்சராக இருந்தபோது இதற்கெல்லாம் ஆளாளாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. ஹெச்.எம். ஆனதும் பயிற்சியைக் காலைக்கு மாற்றினேன், கழிவறைச் சாவியின் நகல் ஒன்றை அணித் தலைவியிடம் கொடுத்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதல் விஷயமாக இதை வைத்ததும், தயங்கிய அம்மாக்களே ஆளுக்கொரு நாள் காலையில் மைதானத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் அந்த விளையாட்டு பீரியட். பத்தாம் வகுப்பு என்றால் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். பக்கத்து வீட்டுக்குப் போன சர்க்கரை மாதிரிதான், திரும்பி வராது. எங்கள் பள்ளியில் அந்தக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரு கணக்கு டீச்சரே சொல்வதால் மறுத்துப் பேச ஆளில்லை.

எனக்கு ஓய்வு நெருங்குகிறது. அணியை யாரிடம் கொடுப்பது என்று தேடியபோது, விளையாடியே பழக்கமில்லாத தமிழாசிரியை ஒருவர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வந்தார். சில வாரம் என் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு விசிலை வாங்கிக்கொண்டு, “நீங்கள் ஓரமாக நின்றாலும் பிள்ளைகள் உங்களையே பார்க்கிறார்கள் மேடம், ஆபீசுக்குப் போங்கள்” என்றார். போய்விட்டேன். இந்த வருடம் குறுவட்டப் போட்டிக்கு அணியை அழைத்துப் போவது அவர்தான். நான் வேன் வாடகைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.