பலகை பிடித்தவனும் கரை சேர்ந்தான்

(பங்குத் திருவிழாவின் ஐந்தாம் நாள் மேடையில் பேசியது. எழுதித் தாருங்கள் என்று இளைஞர்கள் கேட்டதால், பேசியபடியே தருகிறேன்.)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மறையுரை ஆற்றிய களைப்போடு எனக்காகவும் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அருள்தந்தை அவர்களே, அருள்சகோதரிகளே, பங்குப்பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் பணம் தந்த விசைப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே (போன வருடம் இவரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு பேசவில்லை), அன்பியத் தாய்மார்களே, பின்னால் மணலில் படுத்தபடியே கேட்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'விவிலியத்தில் மீட்பும் ஆசியும்'. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். கடவுள் எப்படிக் காப்பாற்றுகிறார், ஆசி என்றால் என்ன, காப்பாற்றப்பட்டவன் அப்புறம் என்ன செய்கிறான். கடைசியிலிருந்தே தொடங்குகிறேன், அதற்குத்தான் என்னிடம் பழமொழி இருக்கிறது. எத்தனை மேடையில் சொல்லியிருப்பேனோ, இன்றைக்கும் சொல்வேன்: ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ.

செங்கடல் பிளந்து வழி விட்டது, இஸ்ரயேல் மக்கள் கால் நனையாமல் கடந்தார்கள், பாட்டும் ஆட்டமும் நடந்தது. மூன்றே நாள். மாராவில் தண்ணீர் கசந்ததும் மோசேயைப் பிடித்துக்கொண்டார்கள். சிறையில் யோசேப்பிடம் கனவுக்குப் பலன் கேட்டுக்கொண்டு வெளியே போன, எகிப்து மன்னனின் பானப் பணியாளன் இரண்டு வருடம் அவரை நினைக்கவேயில்லை. பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர், அவரும் யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியர். ஆறு கடந்தால் நீ யாரோ!

சரி, கடவுள் எப்படிக் காப்பாற்றுகிறார்? இதற்கு நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற இடம் விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூல், 27ஆம் அதிகாரம். திருத்தூதர் பவுல் கைதி, கப்பலில் கொண்டுபோகிறார்கள். கிரேத்துத் தீவில் நிற்கும்போதே, இந்தப் பருவத்தில் போக வேண்டாம் என்று சொன்னார். காவலுக்கு வந்த நூற்றுவர் தலைவர் யூலியு கப்பல்காரன் பேச்சைத்தான் கேட்டார். வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று இறங்கியது. வாடையும் கொண்டலும் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினான்காம் இரவு ஆழம் பார்த்தார்கள், 20 பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்). கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்கள், 15 பாகம். கரை நெருங்குகிறது, பாறை இருக்குமோ என்ற பயத்தில் கப்பலின் பின்பக்கத்தில் நான்கு நங்கூரம் இறக்கினார்கள்.

இதில் கவனியுங்கள். ஒரு உயிரும் போகாது என்று வானதூதர் முன்பே பவுலிடம் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும், மாலுமிகள் சின்னப் படகை இறக்கி நைசாகத் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுல் சொல்கிறார், படைவீரர்கள் கயிற்றை அறுத்து விடுகிறார்கள். வாக்குறுதி கையில் இருக்கிறது, ஆனாலும் கப்பல் ஓட்டத் தெரிந்தவன் வேண்டும். கடைசியில் கப்பல் தரைதட்டி உடைகிறது. நீந்தத் தெரிந்தவன் நீந்துகிறான், தெரியாதவன் பலகையையும் உடைந்த துண்டையும் பிடித்துக்கொண்டு மால்தாவில் கரையேறுகிறான். 276 பேர், ஒருவர்கூடக் குறையவில்லை. பலகை பிடித்து வந்தவனுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இப்போது என் மாமா கதை. மாமா புது வள்ளம் வாங்கினார். மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டார். மாலை, மாதா படம், வெடி, கடலை மிட்டாய் எல்லாம் தயார். சாமி தீர்த்தச் செம்போடு வந்தவர் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, "லைஃப் ஜாக்கெட் எங்கேய்யா?" என்றார். "மாதா இருக்காளே சாமி" என்றார் மாமா. "மாதா இருக்கா, அவளுக்கும் பிடிச்சுத் தூக்க ஏதாவது வேண்டாமா?" என்று சாமி செம்பைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் முழுக்க வெயிலில் நிற்கிறது. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கைக்கு வந்த அன்றைக்கே தட்டுமுட்டுச் சாமான் அறையில் போட்ட ஜாக்கெட் நான்கில், மூன்று கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. நான்காவதில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. எடுக்கப் போனால் கொத்துகிறது. அத்தையோ, "பதினோரு முட்டை, தொட்டீங்கன்னா தெரியும்" என்று வாசலை மறித்துக்கொண்டாள். மாமா மூன்றோடு திரும்பி வந்தார். "நாலாவது?" என்றார் சாமி. "அது வேற உயிரைக் காப்பாத்திட்டிருக்கு சாமி."

சாமியும் சிரித்துவிட்டார், மந்திரித்தார். ஆனால் நான்காவது வரும்வரை மூன்று பேர்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது இந்தக் கரையில் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் அண்ணன் தம்பியாக நின்றோம். ஆறு கடந்தது, ஜாக்கெட் மறுபடியும் கோழிக்குப் போய்விட்டது.

அருள்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆசியைப் பற்றி ஆபிரகாம், யாக்கோபு என்று நிறைய வைத்திருந்தேன், அடுத்த வருடம் கூப்பிட்டால் சொல்கிறேன். எண்ணிக்கை நூல் ஆறாம் அதிகாரத்தை மட்டும் சொல்கிறேன்: ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக. ஆசியும் காவலும் ஒரே மூச்சில் வருகிறது. மந்திரிப்பு மட்டும் போதும், காவல் வேண்டாம் என்றால் பாதி வசனத்தைத்தான் வாங்கிக்கொண்டு போகிறோம்.

பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். படகின் பெயர், எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை ஜாக்கெட் இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள். குறைகிற வீட்டுக்கு வாங்கித் தருவதைச் சங்கத் தலைவர் ஏற்றுக்கொள்வார் என்று அவரைக் கேட்காமலேயே அறிவிக்கிறேன். பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து அறுத்துக்கொண்டு போகாதீர்கள்.