அம்மி நகர்ந்த கதை

கோயில் தலைவர் ஐயா அவர்களே, அறங்காவலர்களே, பெகுவிலிருந்து ரங்கூனுக்கு பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் ஒருவர் பெயரை விட்டேன், ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிலநடுக்கம், புயல், நம் சயாமாவின் பணி என மூன்று விஷயம் பேச வேண்டும். சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா; இவர் நிலவியல் பேராசிரியர். கல்லூரியில் பாடம், வயல்வெளியில் பள்ளம் தோண்டிப் பழைய நிலநடுக்கத்தின் தடம் தேடும் ஆராய்ச்சி, மிச்ச நேரத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விளக்குவது. நம் ஞாயிறு தமிழ் வகுப்புக்கும் வந்தார், ஒரு செங்கலும் ரப்பர் கயிறுமாக.

செங்கல் போதாது என்று ஆச்சி ஒருவர் மடைப்பள்ளி அம்மியையே தூக்கிவரச் சொல்லிவிட்டார், குழவியோடு! சைக்கிள் டியூபைக் கட்டி மெல்ல இழுங்கள் என்றார் சயாமா. பையன்கள் இழுத்தார்கள். டியூப் நீண்டது, அம்மி அசையவில்லை. இன்னும் இழுத்தார்கள். ம்ஹூம். 'அது எங்கே நகரப்போகுது' என்று நம் பொருளாளர் டீயை வாயில் வைத்தார் பாருங்கள், அம்மி ஒரே துள்ளு, குழவி உருண்டு வந்து அவர் பெருவிரலுக்கு முன்னால் நின்றது. டீ வேட்டியில். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பிள்ளைகள் கத்த, சயாமா அர்த்தம் கேட்டு பர்மிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.

பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் நிலப்பிளவு, சகாயிங் பிளவு, அதுவும் அந்த டியூப்தான். ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இழுபடுகிறது. 2025 மார்ச் 28 பகல் 12.50-க்கு, 7.7 அளவில், மாண்டலே பக்கம் பிடி விட்டுத் துள்ளியது. ஒரு வாசல் கேமராவில் பதிவாகியிருக்கிறது, தரை 1.3 வினாடியில் 2.5 மீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு. சரி, அது வடக்கே. பெகுவில் இதே பிளவு துள்ளி ஷ்வேமாடோ பகோடா விழுந்தது 1930 மே 5. அங்கே 95 வருஷத்து இழுப்பு சேர்ந்திருக்கிறது, ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். பெகுக்காரர்கள் என்னை முறைக்க வேண்டாம், ரங்கூனும் பக்கம்தான்.

புயலுக்கு நேரமில்லை, நர்கிஸை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பாட்டிமார்களுக்கு பர்மியம் பேச வரும், எழுத்து வராது. ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடாதே, மேசைக்கடியில் குனி என்று அவர்களுக்குத் தமிழில் சொல்கிறவர்கள் இந்த வகுப்புப் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்திருக்கிறோம்? தண்ணீர்த்தொட்டிக்கு நேர் கீழே! பின்கூடத்தைக் கொடுங்கள் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறேன். அடிமேல் அடி, தலைவர் ஐயா, நான் விடுவதாயில்லை. கையெழுத்துத் தாள் பொங்கல் கொடுக்கும் மேசையில் இருக்கிறது. பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன், அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள்.