வருகிறவருக்கும் வயதாகும்

அவையோருக்கு வணக்கம்.

510 கோடி என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். பிறப்பு குறையும் நாடுகள் வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து அந்தக் குறையை ஈடுகட்ட முடியுமா? ஐக்கிய நாடுகள் அவையின் மக்கள்தொகைப் பிரிவு 2000ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தென்கொரியாவில் 1995இல் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு உழைக்கும் வயதினர் 12.6 பேர் இருந்தார்கள். 2050 வரை அந்த விகிதம் குறையாமல் இருக்க எத்தனை பேர் குடியேற வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். விடை, 510 கோடி. அன்று உலகத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 600 கோடிதான்.

கணக்கில் பிழை ஏதும் இல்லை. வருகிறவருக்கும் வயதாகும், அவ்வளவுதான். 30 வயதில் வந்து இறங்குபவர் 35 ஆண்டுகளில் முதியோர் வரிசைக்குப் போய்விடுகிறார். அவரைத் தாங்க இன்னும் பலர் வர வேண்டும், அவர்களுக்கும் வயதாகும். குடியேற்றம் மூப்பைத் தள்ளிப்போடும், அதன் வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்திவிடாது.

இந்தக் கணக்கின் அடித்தளம் எளிமையானது. இந்த ஆண்டு 30 வயதில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் 31ஐத் தொடுவார்கள், எத்தனை குழந்தைகள் பிறக்கும், எத்தனை பேர் வருவார்கள், போவார்கள் என்று வயது வயதாக நகர்த்துவது. முதியோர் எண்ணிக்கையை இதில் ஓரளவு நம்பிச் சொல்லலாம். 2050இல் 65ஐத் தொடப் போகிறவர்கள் 1985லேயே பிறந்துவிட்டார்கள் அல்லவா? பிறப்பை முன்கூட்டிச் சொல்வது அதைவிடக் கடினம். எல்லாவற்றிலும் கடினம் இடப்பெயர்வு. ஒரு போரோ ஒரு சட்டத் திருத்தமோ போதும், போட்டு வைத்த எண்கள் எல்லாம் மாறிவிடும்.

சரி, இதன் மேல் பொருளாதாரத்தை எப்படி ஏற்றுவது? பொருளாதார அறிஞர்கள் சாமுவேல்சன் 1958இலும் டயமண்ட் 1965இலும் வழி காட்டினார்கள். இளையவர்கள் சம்பாதித்துச் சேமிக்கிறார்கள், முதியவர்கள் அதைச் செலவழிக்கிறார்கள், இரு தலைமுறையும் ஒரே சந்தையில் ஒரே நேரத்தில் வாழ்கின்றன. 1980களில் அவர்பாக், காட்லிகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைப் பல வயதுக் குழுக்களாக விரித்துக் கணினியில் ஏற்றினார்கள். பொருளாதாரத்தை இப்படிக் கணக்காக வரைந்து பார்ப்பதைத்தான் மாதிரி என்கிறோம். உழைப்பவர்கள் குறைந்தால் ஆளுக்குரிய மூலதனம் கூடும். கூலி ஏறும், வட்டி இறங்கும். ஓய்வூதியத்துக்குப் பணம் வேண்டும் என்றால் வரியை ஏற்றலாம், தொகையைக் குறைக்கலாம், ஓய்வு வயதைத் தள்ளலாம், கடன் வாங்கலாம். இவற்றில் எதை வைத்து மாதிரியின் கணக்கை நேர்செய்கிறோம் என்பதைப் பொறுத்து, சுமை எந்தத் தலைமுறையின் தலையில் விழும் என்பது மாறிவிடும். ஒரு மாதிரியின் முடிவைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு விவரத்தைத்தான்.

குடியேறியவரால் அரசுக்கு லாபமா நஷ்டமா என்று கேட்கிறார்கள். ஓர் ஆண்டின் வரவு செலவை மட்டும் பார்த்தால் 25 வயதுக்காரர் லாபம், அவருடைய குழந்தை செலவு. அந்தக் குழந்தை 20 ஆண்டுகள் கழித்து வரி கட்டும். முழு ஆயுளையும் தொடர்ந்து பார்க்காத கணக்கு தவறான பதிலைத் தரும்.

அப்புறம் கூலி விஷயம். 1980இல் சுமார் 1,25,000 கியூபர்கள் படகுகளில் புளோரிடா வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 விழுக்காடு கூடியது. அங்கே முன்பே இருந்தவர்களின் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்று பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் 1990இல் காட்டினார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களைத் தனியாகப் பார்த்தால் கூலி சரிந்தது என்று இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹஸ் பின்னால் வாதிட்டார். யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதில்தான் இந்தச் சண்டை.

என்னை வருத்துவது வேறொன்று. குடியேறியவரின் உழைப்புத் திறன் சராசரியைவிடக் குறைவு என்று பல மாதிரிகளில் ஓர் எண்ணை எழுதிவைக்கிறார்கள். மருத்துவம் படித்தவர் சான்றிதழ் ஏற்கப்படாமல் வண்டி ஓட்டினால், அந்த எண் அவர் திறமையைச் சொல்லவில்லை, அங்குள்ள விதியைச் சொல்கிறது. விதியை மாற்றினால் எண் மாறும். அதை மாறாத எண்ணாக வைத்து ஐம்பது ஆண்டுக்கு முன்னோக்குவது நியாயமில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலான மாதிரிகள் நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றன. 25 வயதில் வருபவரை வளர்த்துப் படிக்கவைத்த செலவு இன்னொரு நாட்டின் கணக்கில் இருக்கிறது. அவர் அனுப்பும் பணமும் அங்கேதான் போகிறது. இரண்டு நாடுகளையும் ஒரே மாதிரியில் வைத்துப் பாருங்கள். இங்கே உழைப்போர் வரிசையில் ஒருவர் கூடும் அதே ஆண்டில், அங்கே அதே வரிசையில் ஒருவர் குறைவார். அங்கே அவருடைய அப்பா அம்மாவுக்கும் வயதாகிக்கொண்டிருக்கும்.