முதல் கிளாஸுக்கு முந்தைய நேரம்

அனைவருக்கும் வணக்கம்.

மதுவைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் "குடிக்காதே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதில் தவறே இல்லை. உடல்நலத்துக்குக் கேடு செய்யாத மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மது 1988லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால் அளவாகக் குடித்தால் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கும் 22 வயதுப் பிள்ளையிடம் "குடிக்காதே" என்று ஆரம்பித்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு ஆறு கிளாஸ் குடிக்கிறவர் மூன்றோடு எழுந்து வந்தால், அன்றைக்கு ஒரு விபத்தோ ஒரு அடிதடியோ நடக்காமல் போகலாம். அந்த மூன்று கிளாஸைக் குறைக்க, அவர் சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் எதிரே உட்காரும் ஆலோசகரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

இளைஞர்களின் குடிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அவர்களில் பலர் தினமும் தொடுவதில்லை. வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே இரவில் சேர்த்துக் குடிக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் ஐந்து அளவும் பெண் நான்கு அளவும் குடித்தால் அது ஆபத்தான குடி என்று அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் வரையறுக்கின்றன. கல்லீரல் ஒரு அளவு மதுவைக் கரைக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதை எந்த வழியிலும் அவசரப்படுத்த முடியாது. காபி குடித்தாலும் நடக்காது, குளித்தாலும் நடக்காது.

சரி, 'ஒரு அளவு' என்றால் எவ்வளவு? பிரிட்டனில் 8 கிராம் ஆல்கஹால், அமெரிக்காவில் 14 கிராம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம். ஐந்து சதவீத பீர் 330 மில்லி குடித்தால் சுமார் 13 கிராம் உள்ளே போகிறது. நண்பர் ஊற்றித் தருகிற கிளாஸில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "ரெண்டு கிளாஸ்தான் சார்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. அவருக்கே கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போன் நொடியில் போட்டுவிடும்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. ஸ்வீடனில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. ரத்தத்தில் மது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் ஆப்பை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடி குறையவில்லை. ஆண் மாணவர்கள் முன்பைவிட அடிக்கடி குடித்தார்கள். எனக்கு அது பெரிய அதிர்ச்சியாகவும் இல்லை. திரையில் ஏறும் எண்ணைப் பார்த்ததும் "இன்னும் இடம் இருக்கிறதே" என்று ஒரு பையனுக்குத் தோன்றுவது இயல்புதானே? ஏன் குடிக்கிறாய், எதை இழக்கிறாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

இதோடு இன்னோர் ஆய்வை வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, 18 முதல் 25 வயது வரையிலான 765 பேர் அதில் இருந்தார்கள். வந்தது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும், அளவுமீறிக் குடிக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒரு பிரிவினருக்கு 12 வாரம் குறுஞ்செய்தி போனது. ஆப் கூட இல்லை, சாதாரண மெசேஜ். வார இறுதி நெருங்கும்போது "இந்த வாரம் குடிக்கும் எண்ணம் உண்டா?" என்று கேட்டது. நிறையக் குடிப்பேன் என்று பதில் வந்தால், "ஒரு எல்லை வைத்துக்கொள்ளச் சம்மதமா?" என்றது. ஞாயிற்றுக்கிழமை, எத்தனை குடித்தீர்கள் என்று விசாரித்து, சொன்னதற்கு ஏற்றபடி பதில் அனுப்பியது. இந்தப் பிரிவினர் சேர்த்துக் குடிக்கும் நாள்கள் குறைந்தன, மெசேஜ் நின்ற பிறகும் அந்தப் பலன் சில மாதம் தொடர்ந்தது. இன்னொரு பிரிவினரிடம் கேள்வி மட்டும் கேட்டார்கள், பதில் அனுப்பவில்லை. அவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. நான் இந்தத் துறையில் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த வித்தியாசம்தான். கேள்வி கேட்டால் மட்டும் போதாது, அவர் சொன்னதற்கு ஏற்றபடி திரும்பப் பேசவும் வேண்டும்.

மெசேஜ் வார இறுதிக்கு முன்பே போனதையும் கவனியுங்கள். குடித்த மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். இரண்டாவது கிளாஸ் தலைக்கு ஏறுவதற்குள் நான்காவது கையில் இருக்கும். 'போதும்' என்று சொல்ல வேண்டிய மூளைப் பகுதிதான் முதலில் மங்குகிறது. அந்தப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருப்பது. அதனால் முடிவெடுக்கும் நேரம் முதல் கிளாஸுக்கு முன்னால்தான். அந்த நேரத்தில் ஆலோசகர் பக்கத்தில் இருக்க முடியாது, போன் இருக்கும்.

அப்புறம் ஆலோசகருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது பற்றி 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த பேச்சுமுறையை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். அதில் அறிவுரை மிகக் குறைவு. "குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேட்கிறோம். நான்கு என்கிறார். "ஏன் நான்குதானா?" என்று கேட்டால் குடிக்குச் சாதகமாக வாதாடத் தொடங்குவார். "ஏன் இரண்டு போடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுநாள் வகுப்பு போனது, தங்கையிடம் கத்தியது என்று தன் காரணங்களைத் தானே சொல்லுவார். வாயிலிருந்து வந்த அந்தக் காரணத்தையே அவருடைய சம்மதத்தோடு, அவருடைய வார்த்தையிலேயே, வெள்ளிக்கிழமை மாலை மெசேஜாக அவருக்கே அனுப்பலாம். நான் எழுதும் எந்த வாசகத்துக்கும் அந்த வலு கிடையாது.

இன்னொன்று, எல்லோரும் தன்னைவிட அதிகம் குடிக்கிறார்கள் என்ற எண்ணம். பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986லேயே இதைக் கல்லூரி மாணவர்களிடம் கண்டறிந்தார்கள். சக மாணவர்களின் குடியை மாணவர்கள் உள்ளதைவிடக் கூட்டியே மதிப்பிட்டார்கள். உண்மை எண்ணைக் காட்டினால் "நான் மட்டும்தான் இவ்வளவு குடிக்கிறேனா?" என்று ஒரு நிமிடம் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மௌனத்தில் ஆலோசகர் கூட இருப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இதெல்லாம் மதுவுக்கு அடிமையாகிவிடாதவர்களுக்கு. ஒருவரின் குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் உள்ளன, மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் கவனம் தேவை. 20 வந்தால் அடிமைத்தனம் இருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் அனுப்புகிறோம். காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்றால் தயவுசெய்து ஆப்பை நம்பி இருக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியை விட்டு மீள உதவிய ஓர் இணைய நிறுவனம், தன்னிடம் வந்தவர்களின் விவரத்தை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. ஓர் இளைஞர் நம்மை நம்பி எழுதியதை யார் படிக்கிறார்கள் என்று அவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்றோடு நிறுத்துகிறேன் என்றவர், எத்தனை குடித்தீர்கள் என்று நாங்கள் அனுப்பும் மெசேஜுக்கு "7" என்று பதில் அனுப்புகிறார். எல்லை உடைந்துவிட்டது. இந்தப் பதிலுக்கு என்ன மெசேஜ் போக வேண்டும் என்று எங்கள் குழுவில் நிறையப் பேசினோம். வருத்தம் தெரிவிப்பது, அளவை நினைவூட்டுவது எல்லாம் எழுதிப் பார்த்து அழித்தோம். இப்போது போவது இதுதான்: "உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. நான்காவது கிளாஸ் கைக்கு வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? திங்கட்கிழமை பேசலாமா?" திங்கட்கிழமை ஆலோசகர் ஒருவர் அவரைக் கூப்பிடுகிறார்.